டேக்கிள் அதிகம் எடுத்த லெனர்டைவிட வார்னர் ஏன் மேலே?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இன் லைன்பேக்கர்களை (தடுப்பணியின் நடுவரிசை வீரர்கள்) நீங்கள் வரிசைப்படுத்திய பட்டியல் பொருந்தாமல் இடிப்பதற்குக் காரணம், டேக்கிளை, அதாவது பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்துவதை, மட்டும் எண்ணியதுதான். லெனர்ட் 2018இல், முதல் ஆண்டிலேயே, 163 டேக்கிளோடு லீக்கில் முதலிடம். உண்மையிலேயே பிரமாதம். ஆனால் எதிரணி எட்டு கெஜம் ஓடிய பிறகு ஆளை மடக்கினாலும் அது ஒரு டேக்கிள்தான்.

அதே ஆண்டு டிராஃப்டில் (புது வீரர் தேர்வில்) மூன்றாவது சுற்றில் வந்த ஃபிரெட் வார்னரின் பலம் பாஸ் தடுப்பு, அதாவது எறியும் பந்து எதிரணி வீரரிடம் சேராமல் தடுப்பது. நடுக்களத்தை அவர் மூடிவிட்டால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அங்கே எறியத் தயங்குவார். எறியாத பந்து எந்தக் கணக்கிலும் ஏறாது.

பத்து கெஜம் முன்னேற ஒரு அணிக்கு நான்கு முயற்சிகள்; ஒவ்வொன்றும் ஒரு டவுன். ஒரு முழு ஆட்டத்தில் மூன்றாவது டவுன்களை மட்டும் பாருங்கள்: டேக்கிள் எங்கே விழுந்தது, எதிரணி அந்தத் தூரத்தைக் கடந்து புதிதாக முதல் டவுன் பெற்றதா என்று குறியுங்கள்.

அப்புறம், லெனர்டைத் தாழ்த்திவிடாதீர்கள். 2021இல் எட்டு ஃபம்பிள்களை உண்டாக்கியவர், அதாவது எட்டு முறை எதிரணியின் கையிலிருந்து பந்தை நழுவ வைத்தவர். முதுகுக் காயம்தான் அவரைச் சாய்த்தது.