இஎம்ஐ, மெயின்டனன்ஸ் ரெண்டும் சரியா எடுத்து வச்சும் ஏன் பணம் துண்டு விழுது?

விடுபட்டது மாசாமாசம் வராத பில்லுங்கதான். 32,000 இஎம்ஐ, 3,500 மெயின்டனன்ஸ் போக ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் கையைக் கடிக்குதுன்னு சொல்றீங்க. சென்னையில சொத்து வரி, மெட்ரோ வாட்டருக்குக் கட்டுற தண்ணி வரி ரெண்டும் அரையாண்டுக் கணக்கு, அது தொடங்குறதே அந்த ரெண்டு மாசத்துலதான்.

எங்க ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குப் போன வருஷம் சொத்து வரி 5,400, தண்ணி வரியும் சார்ஜும் 2,400, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற கரண்ட் பில் ஆறும் சேர்த்து 14,400, கோடையில லாரித் தண்ணிக்கு எங்க பங்கு 2,700, நடுவுல லிஃப்ட் ரோப் மாத்தணும்னு வீட்டுக்கு 6,000 கேட்டாங்க, எல்லாம் கூட்டினா 30,900, பன்னெண்டால வகுத்தா மாசம் 2,575. இதை நான் பட்ஜெட்லயே போடாம ரெண்டு வருஷம் திண்டாடினேன்.

1. பேங்க் ஸ்டேட்மென்ட்ல 12 மாசத்தை எடுத்து இஎம்ஐ, மெயின்டனன்ஸ் தவிர வீடு சம்பந்தமா போனதை மட்டும் டிக் பண்ணுங்க. கூட்டி 12-ஆல வகுங்க.
2. அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்னிக்கே தனி ஆர்டிக்கோ (மாசாமாசம் போடுற டெபாசிட்) வேற அக்கவுண்டுக்கோ தள்ளிடுங்க.

சொத்து வரியை அரையாண்டு தொடங்கின முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் கழிவு உண்டு, விட்டுடாதீங்க.

ஒண்ணு மட்டும், பில்டிங் பெயின்டிங், மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் இந்த 12 மாசக் கணக்குல வராது. அசோசியேஷன்ல கார்பஸ், அதாவது பெரிய செலவுக்குன்னு சேர்த்து வச்ச பொதுப் பணம், எவ்வளவு இருக்குன்னு செகரட்டரிகிட்ட கேளுங்க, ஒண்ணும் இல்லைன்னா மாசம் மேல ஒரு ஆயிரம் சேர்த்தே ஒதுக்குங்க.