ரோமில் இறங்கி ஸ்விஸ் மலைக்குப் போகிறோம்: எந்த நாட்டிடம் விசா கேட்பது?

கேள்வி: திருச்சியில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறேன். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மே மாதம் ரோமில் 3 இரவு, வெனிஸில் 2, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் 2, ஸ்விட்சர்லாந்தின் லூசர்னில் 2, இண்டர்லேக்கனில் 3 எனத் திட்டம். கணவருக்கு லீவு குறைவு, வெனிஸில்தான் எங்களோடு சேர்ந்துகொள்வார். இத்தாலிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் விசா அப்பாயின்ட்மென்ட் ஸ்லாட் கிடைப்பது கஷ்டம், பாரிஸில் 6 இரவு ஹோட்டல் காட்டி பிரான்ஸ் விசா எடுத்துவிட்டு அப்புறம் கேன்சல் செய்துகொள்ளலாம், எல்லாம் ஒரே ஷெங்கன்தான் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா? ரோமில் இறங்கும்போது திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: செய்யாதீர்கள். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. ஷெங்கன் விசா ஒன்று கையில் இருந்தால் ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குள் போய்வரலாம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. ஆனால் அந்த விசாவை யாரிடம் கேட்பது என்பது நம் இஷ்டமில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எங்கே ஸ்லாட் காலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் கால் வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. விண்ணப்பப் படிவத்தைப் பாருங்கள்: முதன்மையாகச் செல்லும் நாடு எது என்று ஒரு கட்டம், முதலில் நுழையும் நாடு எது என்று இன்னொரு கட்டம். இரண்டும் வேறாக இருக்கலாம் என்பதால்தான் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஸ்விஸ் விசாவோடு (ஏன் ஸ்விஸ் என்பதைப் பிறகு சொல்கிறேன்) ரோமில் தாராளமாக இறங்கலாம். அதிகாரி கேட்டால் ஹோட்டல் பதிவுகளையும், சூரிச்சிலிருந்து திரும்பும் டிக்கெட்டையும் காட்டினால் போதும்.

ஏஜென்ட் சொல்லும் வழியில் போனால்தான் பயப்பட வேண்டும். பிரான்ஸ் விசாவோடு ரோமில் நிற்பீர்கள். பாரிஸில் எத்தனை நாள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பொய் சொல்லி வாங்கிய விசா என்று தெரிந்தால் அதை அங்கேயே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விண்ணப்பத்திலேயே பிடிபட்டால் மறுப்பு வரும். அந்த மறுப்பு விசாத் தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும், எல்லா ஷெங்கன் தூதரகங்களும் அதைப் பார்க்க முடியும். பிள்ளைகள் பெயரிலும் அது பதிவாகும். ஏஜென்ட் தன் கமிஷனை வாங்கிக்கொண்டு அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விடுவார்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். இத்தாலி 5 இரவு, ஆஸ்திரியா 2, ஸ்விட்சர்லாந்து 5. சமமாக நிற்கிறது. சமமானால் எந்த நாட்டின் எல்லை வழியாக ஷெங்கனுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாடு என்பது விதி. இடையில் ஏதாவது ஐரோப்பிய நகரத்தில் விமானம் மாறினால் அதிலும் குழப்பம் வரும். அந்தச் சிக்கலுக்குள் போகாமல், இண்டர்லேக்கனில் உண்மையாகவே ஓர் இரவைக் கூட்டுங்கள். ஸ்விட்சர்லாந்து 6 ஆகிவிடும், சந்தேகத்துக்கே இடமிருக்காது.

ரோமில் கூட்டாமல் அங்கே கூட்டச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். மே மாதத்தில் அந்த மலைப்பக்கம் மேகமும் மழையும் அடிக்கடி வரும். 3,454 மீட்டர் உயரத்தில் மலை ரயில் போய் நிற்கும் யுங்ஃப்ராயோக்குக்கு அத்தனை பணம் கட்டி ஏறி, வெள்ளை மூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் நிறைய பேர். கையில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால், காலையில் நேரலை கேமராவில் உச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கலாம்.

இரண்டாவது காரணம் உங்கள் கணவர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், வளைகுடாக் குடும்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரவுக் கணக்கு குடும்பத்துக்கு மொத்தமாக ஒன்றில்லை, ஆளுக்கு ஆள் தனி. அவர் ரோமில் இருக்கப்போவதில்லை. அவர் கணக்கில் இத்தாலி 2, ஆஸ்திரியா 2, ஸ்விட்சர்லாந்து 6. நீங்கள் ரோமில் ஓர் இரவைக் கூட்டி இத்தாலிக்குப் போட்டால், அவர் மட்டும் ஸ்விட்சர்லாந்திடம் போக வேண்டியிருக்கும். இண்டர்லேக்கனில் கூட்டினால் எல்லோருக்கும் ஒரே நாடு.

ஆனால் அவர் உங்களோடு சேர்ந்து இங்கே விண்ணப்பிக்கக் கூடாது. சட்டப்படி எந்த நாட்டில் வசிக்கிறாரோ அங்கிருந்துதான் கேட்க வேண்டும், அதாவது ஓமனிலிருந்து. அவருடைய ஓமன் ரெசிடென்ட் கார்டு பயணம் முடியும் தேதியைத் தாண்டியும் செல்லுபடியாக வேண்டும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் லீவுக் கடிதம் வேண்டும். இரண்டு இடத்திலும் கொடுக்கும் பயணத் திட்டத்தில் தேதிகளும் ஹோட்டல்களும் ஒத்துப்போக வேண்டும். செலவு அவருடையது என்றால், அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் செலவை ஏற்கும் கடிதத்தையும் உங்கள் ஃபைலில் வையுங்கள்.

பிள்ளைகள் உங்களோடு மட்டும் கிளம்புவதால் அப்பாவின் சம்மதக் கடிதம் கட்டாயம். அதை அவர் மஸ்கட்டில் கையெழுத்திட்டு, அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பட்டும். "கையெழுத்தை நாங்களே போட்டுக்கறோம் மேடம், யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். பார்ப்பார்கள். பாஸ்போர்ட் நகலில் உள்ள கையெழுத்து பக்கத்திலேயே இருக்கிறதே. அப்புறம், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி அஃபிடவிட் வைத்துவிடுங்கள்.

ஸ்லாட் விஷயத்தில் உங்கள் ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை, கஷ்டம்தான். விண்ணப்பதாரர் கேட்டதிலிருந்து பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் தர வேண்டும் என்று ஷெங்கன் விதித்தொகுப்பிலேயே எழுதியிருக்கிறது. கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் இந்தியாவில் அதை யார் கண்டது? காலி ஸ்லாட்டுகளை முன்கூட்டியே அமுக்கிவைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று விற்கும் கும்பல் இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டியவர்கள் வருஷா வருஷம் வேடிக்கை பார்க்கிறார்கள். மறுத்தாலும் கட்டிய பணம் திரும்பாது. மறுப்புக் கடிதமோ ஓர் அச்சடித்த படிவம், ஒரு கட்டத்தில் டிக் மட்டும் இருக்கும். எந்தக் காகிதத்தில் என்ன தப்பு என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

அதனால் சீக்கிரம் ஆரம்பிப்பது ஒன்றே வழி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள், சில சமயம் 45 நாள் வரை போகும். கட்டணம் உங்களுக்கும் மாமியாருக்கும் மகனுக்கும் தலா 90 யூரோ, மகளுக்கு 45. இதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் சேரும். பிரீமியம் லவுஞ்ச், எஸ்எம்எஸ், கூரியர் என்று கவுன்டரில் நீட்டுவதெல்லாம் கட்டாயமில்லை. லவுஞ்சில் உட்கார்ந்தால் விசா சீக்கிரம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். முடிவெடுப்பது தூதரகம், மையம் காகிதத்தை வாங்கி அனுப்புவதோடு சரி.

பேலன்ஸ் காட்ட வட்டிக்குப் பணம் வாங்கிப் போடும் ஏற்பாட்டுக்கும் போகாதீர்கள். மாதக்கணக்கில் நாற்பதாயிரம் இருந்த கணக்கில் திடீரென்று ஆறு லட்சம் வந்து உட்கார்ந்தால், ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுபவர் கண் முதலில் அங்கேதான் போகும். கணவர் மாதாமாதம் அனுப்பும் பணம் வரிசையாகத் தெரிகிறதே, அதுவே உங்கள் பலம். விசா வருவதற்கு முன் விமான டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்ட வேண்டாம், முன்பதிவு போதும். அதுவும் சரிபார்த்தால் நிற்கக்கூடிய உண்மையான பதிவாக இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் இருக்க வேண்டும். மாமியாருக்கு சுகரோ பிரஷரோ இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அந்த பாலிசி பணம் தருமா என்று கேட்டு வாங்குங்கள். யுங்ஃப்ராயோக்குக்கு அவரை அழைத்துப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் ஃபுர்கா, கிரிம்செல் கணவாய்ச் சாலைகள் இருந்தால் அடித்துவிடுங்கள். மே மாதத்தில் அவை பெரும்பாலும் பனி மூடியே கிடக்கும். லூசர்னிலிருந்து இண்டர்லேக்கனுக்கு ப்ரூனிக் கணவாய் வழியாக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இந்த வாரமே கணவரை மஸ்கட்டில் ஸ்லாட் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய தேதி தெரிந்த பிறகு சம்மதக் கடிதத்தில் நாட்களை எழுதி வாங்கிக்கொண்டு, நீங்கள் இங்கே பதிவு செய்யலாம்.