'கட்சியில் சேரவா படிக்கிறாள்?'

கேள்வி: என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். "கட்சியில் சேரவா படிக்கிறாள்?" என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். போட்டித் தேர்வுக்கு உதவும் என்பதைத் தவிர இந்தப் படிப்பால் அவளுக்கு என்ன கிடைக்க வேண்டும்?
- ஒரு தாய், செங்கம் அருகே ஒரு கிராமம்

பதில்: போட்டித் தேர்வுக்கு உதவும் என்பது உண்மைதான். கட்சியில் சேர்ந்தாலும் அதில் குற்றமில்லை. ஆனால் மூன்றாண்டு முடிவில் உங்கள் மகளிடம் இருக்க வேண்டியது வேறு. ஒரு சர்ச்சை எழுந்தால், யார் நம்மவர் என்று பார்ப்பதற்கு முன், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, மீறினால் யார் தடுக்கலாம் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

அரசியலமைப்பின் 200ஆவது பிரிவை 'ஆளுநரின் ஒப்புதல்' என்று ஒரு மதிப்பெண் விடையாக நோட்ஸில் மனப்பாடம் செய்துவிடலாம். மூலத்தைப் படித்தால்தான், மசோதாவை ஆளுநர் 'கூடிய விரைவில்' திருப்பி அனுப்பலாம் என்று அங்கே இருப்பதும், எத்தனை நாளுக்குள் என்பது இல்லாததும் தெரியும். தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்தது தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்தது; அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் எழுப்பிய வினாக்களுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அவ்வாறு விதிக்க இயலாது என்றது. இவ்விரண்டில் தமக்குப் பிடிக்காத கருத்தை, அதை ஆதரிப்பவரே 'சரியாகச் சொன்னாய்' என்று ஒப்புக்கொள்ளும்படி அவரால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். வகுப்பறையில் இந்தப் பயிற்சி அரிதாகவே நடக்கிறது என்பது என் வருத்தம்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மாவட்டம் உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தேர்தல் நடக்காததால் நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கைக்குப் போனது. பதவிக்காலம் முடிவதற்குள்ளேயே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் ஒன்பதாம் பகுதி. ஆளுநரின் தாமதத்தைக் கண்டித்து எழுதிய மாணவி, மாநிலத்துக்குள் நிகழ்ந்த இந்தத் தாமதத்தையும் அதே அளவுகோலால் அளக்கத் தயங்கினால், அவர் படித்தது பாதிதான்.

அக்டோபர் 2 அன்று கிராம சபைக்கு அவரை அனுப்புங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிப்பவர் யார், எழுந்து கேள்வி கேட்பவர் யார், பதில் இல்லாமல் போன கேள்வி எது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரட்டும். முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் வரை நீங்களும் அச்சபையின் உறுப்பினர்தான்.