டயரை முடிவு செய்த பிறகே டிஃபரன்ஷியல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் வண்டியில் 245/70 ஆர் 16 டயர்களும் 3.73 விகிதமுள்ள டிஃபரன்ஷியலும் உள்ளன. 285/75 ஆர் 16 டயருக்கு மாற எண்ணுகிறேன். டிஃபரன்ஷியலையும் மாற்ற வேண்டுமா? 4.10 போதுமா, 4.56 தேவையா?

பதில்: 3.73 விகிதம் என்றால், சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றுகிறது என்று பொருள். முதலில் டயரின் விட்டத்தைக் கணக்கிட்டுக்கொள்வோம். 245 மி.மீ. அகலத்தில் 70 சதவீதம், அதாவது 171.5 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். அதை இரட்டித்து, 16 அங்குல ரிம்முக்குரிய 406.4 மி.மீ.யைக் கூட்டினால் ஏறத்தாழ 749 மி.மீ. வருகிறது. அதே வழியில் புதிய டயரின் விட்டம் 834 மி.மீ. ஆகவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி கடக்கும் தொலைவு 11.3 சதவீதம் கூடுகிறது. எஞ்சினைப் பொறுத்தவரை இது 3.73 விகிதத்தை 3.35 ஆகக் குறைத்ததற்குச் சமம். பெரிய டயர் போட்ட வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்குவதும், டாப் கியர் சமதரைக்கு மட்டுமே உதவுவதும் இதனால்தான்.

பழைய இழுவையை மீட்க வேண்டுமானால், பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். விடை 4.15, கிடைக்கும் விகிதங்களில் 4.10 அதற்கு மிக அருகில் இருக்கிறது. டாப் கியரின் விகிதம் 0.80 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் உங்கள் எஞ்சின் இப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,110 சுற்றுகள் சுற்றுகிறது. டயரை மட்டும் மாற்றினால் இது 1,900 ஆகக் குறையும், 4.10 போட்டால் 2,090 ஆகவும், 4.56 போட்டால் 2,320 ஆகவும் இருக்கும். நெடுஞ்சாலைப் பயணம் மிகுந்த டீசல் வண்டியானால் 4.10 என்றே சொல்வேன். கூரையிலும் பின்புறத்திலும் நிரந்தரமாகச் சுமை ஏற்றி மலைப்பாதையில் ஓட்டுபவரும், அதிகச் சுற்றில்தான் முறுக்குவிசை எழும் பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவரும் 4.56ஐ நாடலாம். பெரிய டயரின் கூடுதல் எடை அந்த 4.15 என்ற கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

டிஃபரன்ஷியலை மாற்றினாலும் மீளாதவை சில உண்டு. அதே தூரத்தில் வண்டியை நிறுத்தப் பிரேக்குக்கு இனி 11 சதவீதம் கூடுதல் விசை வேண்டும், ஏனெனில் டயரின் ஆரம் நெம்புகோலைப் போலப் பிரேக்குக்கு எதிராக வேலை செய்கிறது. இத்தனைக்கும் ஆக்சிலுக்கு அடியில் உங்களுக்குக் கிடைப்பது விட்ட வேறுபாட்டில் பாதியான 42 மி.மீ. மட்டுமே. 777 மி.மீ. விட்டமுள்ள 265/70 ஆர் 16 டயரைப் போட்டால் வேறுபாடு நான்கு சதவீதத்துக்குள் அடங்கிவிடும், டிஃபரன்ஷியலைத் தொடவும் வேண்டாம். என்னிடம் இக்கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவே போதும் என்பது என் எண்ணம்.

கேள்வி: முன் ஆக்சிலில் 4.10, பின் ஆக்சிலில் 4.11 இருக்கிறது. ஆபத்தா?

பதில்: இல்லை. விகிதம் என்பது டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைச் சிறியதன் எண்ணிக்கையால் வகுத்தது. 41 பல்லுக்கு 10, 37 பல்லுக்கு 9 என்ற இரு சேர்க்கைகளின் வேறுபாடு 0.27 சதவீதம்தான். 800 மி.மீ. டயர் ஒன்றின் மேற்பரப்பு மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலே அவ்வளவு வேறுபாடு வந்துவிடும். ஆனால் 4.10உடன் 4.56ஐச் சேர்த்து நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், ட்ரான்ஸ்ஃபர் கேஸும் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) ஷாஃப்ட்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு உடையும்.

கேள்வி: எனக்கு வேகம் தேவையில்லை, பாறைகளின்மேல் மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டும். அதற்கு டிஃபரன்ஷியல் விகிதத்தைத்தான் கூட்ட வேண்டுமா?

பதில்: ஊர்ந்து செல்லும் திறனை முதல் கியர், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பல்சக்கர நிலை), டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றின் பெருக்கம்தான் தீர்மானிக்கிறது. இப்போதைய மேனுவல் சுசூகி ஜிம்னியில் இவை முறையே 4.425, 2.002, 4.090, பெருக்கினால் 36. மேனுவல் கியருள்ள ஜீப் ராங்ளர் ரூபிகானில் 5.13, 4.0, 4.10, பெருக்கினால் 84. இருவகை வண்டிகளின் டிஃபரன்ஷியலும் ஏறத்தாழ ஒன்றே என்பதையும், வேறுபாட்டின் பெரும்பகுதி லோ ரேஞ்சிலிருந்தே வருகிறது என்பதையும் கவனியுங்கள். எஞ்சின் 800 சுற்றில் ஓடும்போது, 693 மி.மீ. விட்டமுள்ள 195/80 ஆர் 15 டயருடன் ஜிம்னி மணிக்கு 2.9 கி.மீ. வேகத்தில் நகர்கிறது, 235/75 ஆர் 15 போட்டால் அது 3.05 ஆகிறது. இந்தச் சிறு இழப்புக்காக இரண்டு ஆக்சில்களையும் பிரிப்பது வீண். டிஃபரன்ஷியலை மாற்றினால் நெடுஞ்சாலையிலும் அதன் விளைவைச் சுமக்க வேண்டும்; லோ ரேஞ்ச் பல்சக்கரங்களை மட்டும் மாற்றினால் அந்தச் சுமை இல்லை, ஒரே பெட்டியைப் பிரித்தால் இரு ஆக்சில்களுக்கும் பலன் கிடைக்கும். உங்கள் வண்டிக்கு அத்தகைய பல்சக்கரங்கள் கிடைக்குமானால் அதையே முதலில் பாருங்கள்.

கேள்வி: 4.88 போட்டால் பல் உடையும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அப்படிச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆக்சில் கூட்டின் அளவு மாறாததால் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டமும் மாறாது; விகிதத்தைக் கூட்ட வேண்டுமானால் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பல் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். 4.10இல் பினியனுக்கு 10 பல் என்றால் 4.88இல் பெரும்பாலும் 8 பல்தான், எதிரே கிரவுன் வீலில் 39 பல். பினியன் சிறுத்துப்போவதால் ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களும் குறைகின்றன. பெரிய ஆக்சிலுக்கு இது பொருட்டல்ல. சிறிய ஆக்சிலில் கனத்த டயரைப் போட்டு, டிஃபரன்ஷியலையும் லாக் செய்து (இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டி) முழு விசையுடன் முடுக்கினால் பினியன்தான் முதலில் பலியாகும்.

ஆனால் நான் பார்த்தவரை, முறிந்தவற்றைவிடத் தவறாகப் பொருத்தியதால் ஊளையிட்டுத் தேய்ந்தவையே அதிகம். கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணைக்கப்பட்ட சோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பினியனின் ஆழத்தை ஷிம் எனும் மெல்லிய தகடு கொண்டு சரிசெய்து, பற்களுக்கிடையிலான இடைவெளியான பேக்லாஷைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில், பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள், நிறுத்தி, பல்லில் சாயம் பூசிச் சுழற்றித் தடத்தைப் பார்த்த பிறகே மூட வேண்டும். சில ஆக்சில்களில் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரையே மாற்ற வேண்டும். டானா 44 என்ற ஆக்சில் வகையில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92 முதல் வேறொன்று. பொருத்திய பின் முதல் 25 கி.மீ. மெதுவாக ஓட்டி நன்றாக ஆறவிடுங்கள், 800 கி.மீ.யில் எண்ணெயை மாற்றுங்கள்.

கேள்வி: மணலுக்கு அகலமான டயர்தானே சிறந்தது?

பதில்: மணலில் காற்றைக் குறைத்தால் டயரின் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது, எனவே உயரமான, அளவான அகலமுள்ள டயரே எனக்கு உகந்தது. மேலே சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள இடத்தில் குறுகிய டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும்.

கேள்வி: பெரிய டயர் போட்டதிலிருந்து மைலேஜ் பத்து சதவீதம் குறைந்துவிட்டது. டிஃபரன்ஷியலை மாற்றினால் சரியாகுமா?

பதில்: குறைந்தது மைலேஜா, மீட்டரின் கணக்கா என்று முதலில் பாருங்கள். விட்டம் 11 சதவீதம் கூடியிருந்தால், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 89 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, 100 கி.மீ. ஓடியதாக மீட்டர் காட்டும்போது உண்மையில் 111 கி.மீ. கடந்திருக்கிறீர்கள். எரிபொருளை மீட்டரின் எண்ணால் கணக்கிட்டால் மைலேஜ் பத்து சதவீதம் குறைவாகத்தான் தோன்றும். வேகத்தை ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அளக்கும் வண்டியானால், டயருக்கு ஏற்ற டிஃபரன்ஷியல் பொருத்தியதும் மீட்டர் தானாகவே சரியாகிவிடும். சக்கரங்களில் உள்ள சென்சார்களிலிருந்து அளக்கும் வண்டியில் டிஃபரன்ஷியல் எதுவானாலும் பிழை அப்படியே இருக்கும். கட்டுப்பாட்டுக் கணினியில் டயரின் அளவை மாற்றிப் பதிய வேண்டும். அதற்குமுன் செயற்கைக்கோள் வழிகாட்டியை இயக்கி 100 கி.மீ. ஓட்டி இரண்டு எண்களையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.