16 வயதுக் குதிரைக்கு முதல் சினை: கருப்பையில் நீர் தேங்குகிறது

உங்கள் பெண் குதிரையை மூன்றாம் முறையாக உடனே ஆண் குதிரையோடு சேர்க்காதீர்கள். வயது 16, இதுவரை குட்டி போட்டதில்லை, சேர்த்த இரண்டு தடவையும் ஸ்கேனில் கருப்பைக்குள் நீர் தெரிந்தது என்கிறீர்கள். முதலில் அந்த நீரைக் கவனியுங்கள்.

வயதான கன்னிக் குதிரைக்குப் பருவத்தில்கூட (சினைக்குத் தயாராக இருக்கும் நாட்களில்) கருப்பை வாய் சரியாக இளகாமல் போவதுண்டு. விந்து உள்ளே போனதும் அழற்சி வருவது இயல்புதான். அந்த நீர் வடிய வழியில்லாமல் தேங்குவதுதான் சிக்கல். கரு ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்கு இறங்கும், அதற்குள் உள்ளே சுத்தமாகிவிட வேண்டும்.

1. பருவம் உச்சத்தில் இருக்கும்போது மருத்துவர் கருப்பை வாயைக் கையால் பார்க்கட்டும். அப்போதும் ஒரு விரல் நுழையவே சிரமமென்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

2. பயாப்சி (கருப்பைச் சதையில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பது), கிருமிப் பரிசோதனை இரண்டும் சேர்ப்பதற்கு முன்பே.

3. சேர்த்த மறுநாளுக்குள் ஸ்கேன். நீர் இருந்தால் கழுவி எடுத்துவிட்டு ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து). அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகப் போடாதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரு தடவை சேர்த்தால் போதும்.

சினை பிடித்தாலும் இந்த வயதில் கரு கலைவது அதிகம். 15ஆம் நாள் தெரிந்தது 40ஆம் நாள் இல்லாமல் போகலாம். பயாப்சியில் தழும்பு நிறைய என்று வந்தால், நானாக இருந்தால் கருவை எடுத்து இளங்குதிரைக்கு மாற்றுவதைத்தான் யோசிப்பேன்.