செருப்பு மாட்டும்போது சொல்வது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கும்பகோணத்தில் சிவில் பக்கம் பிராக்டீஸ் செய்கிறேன். அப்பா நடத்திய ஆபீஸ். என்னோடு மூன்று ஜூனியர்கள், அப்பா காலத்துக் குமாஸ்தா ஒருவர். கொஞ்ச நாளாகவே ஆபீசில் பேச்சு சரியில்லை. நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று செய்கிறார்கள். தப்பு நடந்தால் கடைசியாகத்தான் எனக்குத் தெரிகிறது. சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தேன். 'டிஸ்க்' என்ற ஆளுமைச் சோதனை வைத்து, அவரவர் சுபாவத்துக்குத் தகுந்தபடி பேசப் பழக்குவதாகச் சொன்னார். ஆறு வகுப்பில் இரண்டு முடிந்துவிட்டன. எனக்கு 'டி', அதாவது அதிகாரம் செய்கிற வகை என்று வந்திருக்கிறது. போன வாரம் ஒரு ஜூனியரைக் குறுக்கு விசாரணைக்குத் தயார் பண்ணச் சொன்னால், "நான் எஸ் டைப் மேடம், நிதானமான ஆளு, கிராஸ் எனக்கு வராது" என்கிறாள். குமாஸ்தா சோதனைத் தாளைக் கையிலேயே வாங்கவில்லை. மிச்ச வகுப்புகளைத் தொடரலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வக்கீல் அம்மாவுக்கு,

தொடருங்கள். ஆனால் அந்தத் தாளை வைத்து யாருக்கு என்ன வேலை கொடுப்பது என்று முடிவு செய்யாதீர்கள். கெட்ட செய்தி உங்கள் மேசைக்கு வந்து சேர ஏன் இவ்வளவு நாளாகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

நான் வக்கீல் இல்லை. கட்சிக்காரனாகக் கோர்ட் வராந்தாவில் பல வருடம் உட்கார்ந்தவன். எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கில் அப்பா பிரதிவாதி. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கே இருந்த ஜூனியர், 17ஆம் தேதி வாய்தாவை டயரியில் 27 என்று எழுதிவிட்டார். 17ஆம் தேதி பெயர் கூப்பிட்டபோது எங்கள் பக்கம் யாரும் இல்லை. எக்ஸ் பார்ட்டி ஆகி, அதாவது எங்கள் பக்கத்தைக் கேட்காமலே, எதிர்த்தரப்புக்குச் சாதகமாக டிகிரியும் போட்டாகிவிட்டது. 27ஆம் தேதி கோர்ட்டுக்குப் போனபோதே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட டிகிரியை ரத்து செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 9 ரூல் 13ல் மனுப் போட 30 நாள் கெடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெடு முடியும்வரை தினமும் சாயங்காலம் சீனியர் முன்னால் நின்றிருக்கிறார். சொல்ல வாய் வரவில்லை. முந்தின மாதம் வேறு ஏதோ தப்புக்காகச் சீனியர் ஒரு வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கி வீசியிருந்தார். எங்களுக்குத் தெரிய வந்தபோது 54 நாள் ஓடியிருந்தது. அப்புறம் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு, அதற்கு எதிர்த்தரப்புப் பதிலுரை, வாய்தாவுக்கு மேல் வாய்தா. விட்ட இடத்துக்குத் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் அப்பா சரியாகத் தூங்கவில்லை.

விஷயம் வெளியே வந்த அன்றைக்கு அந்தப் பையனைப் பார்த்தேன். கட்டுக் கயிற்றை முடிவதும் அவிழ்ப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். அவர் சோம்பேறி இல்லை. ஆபீசில் விளக்கணைத்துவிட்டுக் கடைசியாகப் போகிற ஆள் அவர்தான். சீனியரும் கெட்ட மனுஷர் இல்லை, பாகப்பிரிவினையில் அந்த ஜில்லாவிலேயே பேர் எடுத்தவர். ஆனால் தன் குரல் எதிரில் நிற்பவனை என்ன செய்கிறது என்று அவரிடம் எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. உங்கள் பயிற்சியாளர் அதைச் சொல்கிறார் என்றால் அவருக்குக் கொடுக்கிற பணம் வீணில்லை.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கின் மூலக் கருத்தை 1928ல் எழுதிய வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் உளவியல்காரர், உங்களைப் போலச் சட்டமும் படித்தவர். இன்று கையில் கொடுக்கிற கேள்வித்தாளை அவர் செய்யவில்லை, பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னவரும் இவர்தான். 1923ல் வாஷிங்டனில் ஃபிரை என்பவர் மீதான கொலை வழக்கில், அந்தச் சோதனை அறிவியல் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட ஒன்றாக இல்லை என்று கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2010ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் யாருக்கும் பொய் கண்டறியும் சோதனையோ, மருந்து கொடுத்துப் பேசவைக்கிற நார்கோ சோதனையோ செய்யக் கூடாது என்றது. அது போலீஸ் விசாரணை சம்பந்தப்பட்டது, உங்கள் ஆபீஸ் விஷயம் வேறுதான். ஆனாலும் ஒருவர் மனதைத் திறந்து பார்ப்பதற்கு அவர் சம்மதிக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும். குமாஸ்தாவை வற்புறுத்தாதீர்கள்.

தாளில் உள்ளது அப்படியே தனக்குப் பொருந்துகிறது என்று ஜூனியர்கள் சொல்வார்கள். நம் வைத்தீஸ்வரன்கோவிலில் ஏடு பார்த்துவிட்டு வந்தவர்கள், "என்னைப் பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொன்னாங்க" என்று வியந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லோர் கையிலும் ஒரே தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அதில் இருந்த வரிகளில் பெரும்பாலானவற்றைக் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பொருந்துகிறது என்று தோன்றுவதை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் தொழிலை முடிவு செய்ய முடியாது.

எனக்கு உபயோகமாகப் பட்டது வேறொன்று. வக்கீலாக இருந்து உளவியலுக்குப் போன லாரி ரிச்சர்ட் என்பவர் அமெரிக்க வக்கீல்களின் சுபாவத்தைச் சோதனை வைத்துப் பார்த்தார். மற்ற ஜனங்களோடு ஒப்பிட்டால் வக்கீல்களிடம் சந்தேகப்படுகிற குணம் மிக அதிகம். குறை சொன்னால் தாங்கிக்கொண்டு எழுகிற தெம்பு குறைவு. இந்த இரண்டும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் உங்கள் தொழிலுக்கு வேண்டும். ஆனால் ஜூனியர் வந்து "மேடம், ஒரு தப்பு நடந்துடுச்சு" என்றதும் "எப்போ? யார் சொன்னா? அப்பவே ஏன் சொல்லலை?" என்று கேள்வி பாய்ந்தால், சொல்ல வந்தவர் சாட்சிக் கூண்டில் நிற்பவராகிவிடுகிறார். அடுத்த முறை அவர் வரமாட்டார். அதனால் பயிற்சியாளரிடம் உங்கள் தாளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் 'டி'யை எல்லோர் முன்னாலும் நீங்களே படியுங்கள். தினமும் கோர்ட் முடிந்து வந்ததும், அன்றைக்கு என்ன தவறியது என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்து பாருங்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமான பாடமாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. வகுப்பில் உதாரணம் என்று நிஜக் கட்சிக்காரர் விஷயத்தை யாரும் எடுக்க விடாதீர்கள். பயிற்சியாளர் வெளியாள்.

குமாஸ்தாவுக்கு வருகிறேன். ஒரு நாள் வக்கீல் ஆபீசில் காத்திருந்தபோது பார்த்தது இது. திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், குத்தகை வழக்கு. தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார். சீனியர் "விஷயத்துக்கு வாங்க" என்றார். பெரியவருக்கு எது விஷயம் என்று தெரியவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். பத்து நிமிடத்தில் எழுந்து வெளியே வந்தவர், வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே குமாஸ்தாவிடம் கேட்டார்: "நெல்லு அளந்ததுக்கெல்லாம் பண்ணையாருகிட்ட ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன், அது எதுக்காச்சும் ஆவுங்களா?" குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்கிற 1969 சட்டப்படி பதிவு இல்லாத ஆளுக்கு அந்த நோட்டு எவ்வளவு பெரிய விஷயம்! குமாஸ்தா ஒன்றும் பேசவில்லை. அவர் தோளில் கை வைத்து, பெஞ்சில் திரும்ப உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, "தாத்தா காலத்துலேர்ந்தே சொல்லுங்க" என்றார்.

ஆளுக்குத் தகுந்தபடி பேசுவது என்று உங்கள் பயிற்சியாளர் சொல்வதை அந்தக் குமாஸ்தா தாளே இல்லாமல் செய்துகொண்டிருந்தார். பழைய சாட்சியச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கிற கடமையை வக்கீலோடு அவருடைய குமாஸ்தாவுக்கும் சேர்த்தே வைத்தது. குமாஸ்தா காதில் என்னென்ன விழும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மிச்சமிருக்கிற நான்கு வகுப்பில் ஒன்றை உங்கள் குமாஸ்தாவிடம் கொடுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் எல்லோரும் கேளுங்கள். பயிற்சியாளரும் குறிப்பு எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்த ஜூனியர். நிதானமான ஆளுக்குக் குறுக்கு விசாரணை வராது என்று யார் சொன்னது? வி.ஏ.ஓ. சாட்சியைக் கொடுத்துப் பாருங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கிற கிராமக் கணக்கான அடங்கலைப் பசலி பசலியாக, அதாவது வருவாய்க் கணக்கு வருடம் வருடமாக, புரட்டி, எந்த வருடம் யார் பெயர், குறுவையா சம்பாவா, இந்தத் திருத்தம் யார் கையெழுத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்பதற்குக் குரல் உயர வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், அது அவளிடம் இருக்கிறது என்று அவளே சொல்கிறாள். முதல் நாள் ராத்திரி கேள்விகளை எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவள் எழுந்து நிற்கும்போது பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்து எதுவும் சொல்லாதீர்கள். முடிந்ததும் எப்படிப் போனது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.