கேள்வி–பதில்: பழைய ரைபிள் ஏன் சிக்குகிறது?

கேள்வி: உரிமம் பெற்று, பழைய .22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) ஒன்றை வாங்கினேன். இரண்டு மூன்று தோட்டா ஒழுங்காகச் சுடும், அப்புறம் சிக்கிக்கொள்ளும். விற்றவர் "ஸ்பிரிங் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்" என்கிறார். இன்னொருவர் எக்ஸ்ட்ராக்டரை (சேம்பரிலிருந்து தோட்டாவையோ உறையையோ கொக்கிபோல் பிடித்து இழுக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார். முதலில் எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். "சிக்குகிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எப்படிச் சிக்குகிறது என்று எழுதவில்லை. அது தெரியாமல் யார் சொல்லும் பாகமும் வெறும் ஊகம்தான்.

நான் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்தவன். கோளாறான ரைபிளைக் கொண்டுவருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நின்றபோது தோட்டா எங்கே இருந்தது? மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) தோட்டா மேலே வர வேண்டும், சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) போக வேண்டும், வெடிக்க வேண்டும், காலி உறை பின்னால் இழுபட்டு வெளியே தெறிக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்த முறை சிக்கும்போது உடனே போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும், முன்னும் பின்னும் ஓடும் பாகம்) இழுத்துக் கலைத்துவிடாதீர்கள். ட்ரிகரில் இருந்து விரலை எடுத்து, குழல் இலக்கை நோக்கியே இருக்க, சேஃப்டியைப் போட்டுவிட்டு உள்ளே பாருங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். ட்ரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் மட்டும் எதையும் தொடாமல், குழலைத் திருப்பாமல் 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக, 'புஸ்' என்று கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

இனி, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது? புதுத் தோட்டா மூக்கு இடித்துக்கொண்டு சேம்பர் வாசலில் நிற்கிறதா, அல்லது போல்ட் அதன் தலைக்கு மேலேயே ஓடிப் போய்விட்டதா? அப்படியென்றால் முதல் சந்தேகம் மேகசின் மேல். பழைய ரைபிள்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகள் கீழே விழுந்து அடிபட்டு வளைந்திருக்கும், அல்லது உள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இரண்டு மேகசின் வைத்துக்கொண்டு 1, 2 என்று எண் போடுங்கள். கோளாறு 1-ஆம் எண்ணோடு மட்டும் வந்தால் ரைபிளைத் தொடவே வேண்டாம்.

காலி உறை பாதி வெளியே வந்து, போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே குத்திட்டு நிற்கிறதா? அப்படியென்றால் போல்ட் போதிய வேகத்தில் பின்னால் போகவில்லை, அல்லது உறையைத் தட்டிவிடும் எஜெக்டர் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலான .22 செமி ஆட்டோமேட்டிக்கில் போல்ட்டைப் பூட்டும் அமைப்பே கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் அதை முன்னால் பிடித்து வைத்திருக்கின்றன. உறை பின்னால் உதைக்கும் வேகத்தில்தான் அது திறக்கிறது. அதனால் தோட்டாவின் பலம் மிக முக்கியம். 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு உள்ள ஹை வெலாசிட்டி, அதாவது அதிவேகத் தோட்டா விநாடிக்கு சுமார் 380 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டாவைப் போட்டால் பல ரைபிள்கள் முழுதாகத் திறக்காது. ரைபிளில் குறையே இருக்காது, தோட்டாவைத்தான் மாற்ற வேண்டும்.

'இரண்டு மூன்று நன்றாகப் போகிறது, பிறகு சிக்குகிறது' என்ற வரியைப் படித்ததும் எனக்கு அழுக்கு நினைவுக்கு வந்தது. .22 குண்டுகள் பலவற்றின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். அந்த மெழுகும் கரியும் சேர்ந்து சேம்பரிலும் போல்ட் முகத்திலும் கெட்டியாகப் படியும். ரைபிளை முழுதாகக் காலி செய்து, மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் துடையுங்கள். சேம்பரைச் சரியான பிரஷ்ஷால் தேயுங்கள், எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் இருக்கும் கரியைச் சுரண்டி எடுங்கள். எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். வழிய வழிய ஊற்றினால் அதுவே கரியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும்.

அப்போது சேம்பர் வாயின் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். .22 போன்ற ரிம்ஃபயர் ரைபிளை (உறையின் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் வகை) தோட்டா இல்லாமல் திரும்பத் திரும்ப 'டக் டக்' என்று அடித்தால், சில மாடல்களில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) நேராக அந்த விளிம்பில் இடிக்கும். அங்கே சின்னப் பள்ளமும், உள்ளே துருத்திய பிசிறும் உண்டாகும். அது தோட்டா உள்ளே போவதையும் தடுக்கும், வெளியே வருவதையும் தடுக்கும். எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் இது தீராது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் அதைச் சரிசெய்யத் தனிக் கருவி இருக்கிறது. அரம் வைத்து நீங்களே தேய்த்துவிடாதீர்கள்.

எக்ஸ்ட்ராக்டர் பற்றி ஒன்று. இந்த வகை ரைபிளில் சுட்ட உறையைப் பின்னால் தள்ளுவது வெடிமருந்து வாயுவின் அழுத்தம். அதனால் எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருந்தாலும் சுடும்போது அது வெளியே தெரியாமல் போகலாம். சுடாத தோட்டாவைக் கையால் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா போட்டுச் சோதியுங்கள். அது வெளியே வராமல் சேம்பரிலேயே தங்கினால் எக்ஸ்ட்ராக்டரை உடனே மாற்றுங்கள். ஏனென்றால் "காலி செய்துவிட்டேன்" என்று நம்பி வைக்கும் ரைபிளுக்குள் நிஜத் தோட்டா உட்கார்ந்திருக்கும். மற்றக் கோளாறெல்லாம் எரிச்சல்தான் தரும். இது உயிரை எடுக்கும்.

பழைய ரைபிள் என்பதால், முந்தைய சொந்தக்காரர் கைவைத்த இடங்களையும் தேடுங்கள். வெட்டிய ஸ்பிரிங், வெளியே வாங்கிப் போட்ட கடினமான ஸ்பிரிங், தெறிக்கும் உறை இடித்துத் திரும்பும் அளவுக்குத் தாழ்வாகப் பொருத்திய ஸ்கோப், இவையெல்லாம் நான் பார்த்தவை. முதலில் எல்லாவற்றையும் கம்பெனி நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

கேள்வி: ராணுவ உபரியாக வந்த எஸ்கேஎஸ் ரைபிள். பெட்டியிலிருந்து எடுத்தபோது கிரீஸில் மூழ்கிக் கிடந்தது. வெளியே துடைத்துவிட்டேன், போதுமா?

பதில்: போதவே போதாது. தயவுசெய்து, போல்ட்டை முழுதாகப் பிரிக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். சோவியத் வடிவமைப்பாளர் சைமனோவின் இந்த 1945 மாடலில் பெரும்பாலானவற்றில் ஃபயரிங் பின்னைப் பின்னால் இழுத்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. பின் தானாக முன்னும் பின்னும் ஓட வேண்டும். சேமிப்புக் கிரீஸ் உள்ளே கெட்டியாகிப் பின்னை முன்னால் பிடித்துக்கொண்டால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும். ட்ரிகரைத் தொடாமலே அடுத்தடுத்தும் வெடிக்கலாம். கரைப்பானில் ஊறவைத்து, பின் போகும் துளையை முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டைக் கையில் வைத்து ஆட்டினால் 'கடகட' என்று பின் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். முதல் தடவை இரண்டு தோட்டாவுக்கு மேல் போடாதீர்கள்.

பழைய உபரித் தோட்டா சுட்டால் இன்னொரு வேலை இருக்கிறது. அவற்றில் பலவற்றின் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பொட்டாசியம் குளோரைடு உப்பை விட்டுச்செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். குழலையும் வாயு போகும் பகுதிகளையும் வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போடுங்கள்.

கேள்வி: சுட்ட உறை சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது. எக்ஸ்ட்ராக்டர் உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு தனியாக வந்துவிடுகிறது. எக்ஸ்ட்ராக்டர் மோசமா?

பதில்: விளிம்பையே கிழிக்கும் அளவுக்கு அது பிடித்து இழுத்திருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. சேம்பரைப் பாருங்கள். துரு தின்ற குழிகள் இருந்தால், வெடிக்கும்போது உறை விரிந்து அந்தக் குழிகளில் கவ்விக்கொள்ளும். வியட்நாம் போரில் எம்16 ரைபிளுக்கு நேர்ந்தது இதுதான். குரோமியம் பூசாத சேம்பர், மாற்றப்பட்ட வெடிமருந்து, போதாத துப்புரவுக் கருவிகள் எல்லாம் சேர்ந்து வந்தன. சிக்கிய உறையை வீரர்கள் குழல் வழியே கம்பி விட்டுத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. பிறகு சேம்பருக்குக் குரோமியம் பூசினார்கள்.

உங்கள் சேம்பரை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, வேறு தயாரிப்புத் தோட்டாவிலும் பாருங்கள். அப்போதும் ஒட்டினால் மெக்கானிக்கிடம் கொடுத்து, ஹெட்ஸ்பேஸ் அளவையும் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலி உறையை மட்டுமே கம்பி விட்டுத் தட்டலாம். சுடாத தோட்டா சிக்கியிருந்தால் குழல் வழியே எதையும் விடக் கூடாது.

கேள்வி: ஒரு முறை ட்ரிகரை அழுத்தினால் சில சமயம் இரண்டு வெடிக்கிறது. சுத்தம் செய்தால் போய்விடுமா?

பதில்: ரைபிளை இன்றே ஓரம் வையுங்கள். ட்ரிகர் அமைப்பில் சியரோ (ட்ரிகரை அழுத்தும்வரை அடிக்கும் பாகத்தைப் பிடித்து வைப்பது) டிஸ்கனெக்டரோ (ஒரு அழுத்தலுக்கு ஒன்றுக்கு மேல் வெடிக்காமல் தடுப்பது) தேய்ந்திருக்கலாம், யாராவது இழைத்திருக்கலாம், ஃபயரிங் பின் முன்னால் சிக்கியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் வீட்டில் கழற்றிப் பார்க்கும் வேலை இது இல்லை. தோட்டா எதுவும் இல்லாமல், உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். இரண்டாவது எந்தத் தோட்டாவில், எத்தனையாவது தடவையில் வெடித்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள். அவருக்கு அது மிகவும் உதவும்.